இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு டோக்கன்

மனநலப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர்கள், "உங்கள் வெற்றிகளைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருடம் வேலை பார்த்தவனிடம் வெற்றி மூட்டை மூட்டையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அதை வழவழப்பான தாளில் வண்ணப்படத்தோடு அச்சடித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு, இந்த மாதிரி வெற்றி உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஆரணிக்கு வெளியே, சேத்துப்பட்டு சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய மறுவாழ்வு இல்லத்தில் நான் சமூகப் பணியாளன். மனச்சிதைவு நோயோடு பல வருடம் கழித்துவிட்ட ஆண்கள் இருபது பேருக்கு மேல் அங்கே தங்கியிருந்தார்கள். மனநல டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வேலூரிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நான், ஒரு நர்ஸ், இரண்டு உதவியாளர்கள், சமையற்கார அம்மா. எங்களுக்கு மேலே நிர்வாகி.

இந்த நோய் என்றால் காதில் குரல் கேட்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதைவிடப் பொல்லாதது எதிலும் மனம் எழாமல் போவது. குளிக்கத் தோன்றாது. பல் துலக்கத் தோன்றாது. சுவரைப் பார்த்தபடியே பொழுது இருட்டிவிடும். அதற்காக வந்ததுதான் டோக்கன் முறை. குளித்தால் ஒரு டோக்கன், படுக்கையை மடித்து வைத்தால் ஒன்று, பட்டு நூல் சுற்றும் அறைக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்று. சேர்த்து வைத்துக் கொடுத்தால் டீ, பிஸ்கட், கூடுதலாகக் கொஞ்ச நேரம் டிவி. சென்னையில் ஓர் ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாடு பிரமாதம். அதனால் சொன்னதையெல்லாம் நம்பினேன். பை நிறையப் பிளாஸ்டிக் டோக்கன்களோடு ஆரணி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது, இனி மனச்சிதைவுக்கு நல்ல காலம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

முறை பொய் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் குளிக்காத ஒருவர் மூன்றாவது வாரம் தானாக வந்து சோப்பு கேட்டார். அன்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. இன்னொருவர் தலையை மட்டும் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து தினமும் குளியல் டோக்கன் வாங்கிப்போனார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. மனம் எழாத மனிதர் என்று நான் எழுதி வைத்திருந்தவர் என்னைவிட வேகமாக யோசித்திருக்கிறார். நான் அளந்துகொண்டிருந்தது குளியலை இல்லை, ஈரத்தலையை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஈரத்தலையையும் டோக்கன் கணக்கு வரைபடத்தில் ஏற்றினேன். கோடு அழகாக மேலே போனது.

இந்தச் சமயத்தில்தான் தன்யகுமார் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சேத்துப்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றி 'காயில்' கட்டுவதில் கெட்டிக்காரராம். பெற்றோர் இல்லை, ஒரே அக்கா, பத்மாவதி. தம்பியோடு கூரையில் தொங்கிய மின்விசிறி பேசத் தொடங்கி, அவர் வேலையை விட்டு, வீட்டை விட்டு வெளியே வராமலாகி, பல வருடம் அக்காவே பார்த்துக்கொண்டு முடியாமல் போனபின் இங்கே சேர்த்தாள்.

மோட்டார் கம்பி சுற்றிய கை அல்லவா, பட்டு நூல் அவருக்கு விளையாட்டாக இருந்தது. ஓர் இழைகூட அறாமல் சுற்றுவார். படுக்கை, குளியல் எல்லாவற்றிலும் டோக்கன். ஒரே குறை இரவுச் சாப்பாடு. ஏழரை மணிக்கு மணி அடித்தால் எல்லோரும் தட்டோடு உட்காருவார்கள். இவர் மட்டும் வராந்தாவிலேயே நிற்பார். ஏன் என்று கேட்டேனா? கேட்கவில்லை. வரச் சொன்னேன். அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்.

"இருட்னப்புறம் வேணாங்க சார். சோத்துல உயிர் வுழும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்பைத் திறந்து, 'மின்விசிறி தன்னுடன் பேசுவதாக நம்புகிறார்' என்ற வரிக்குக் கீழே, 'உணவில் உயிர்கள் இருப்பதாக நம்புகிறார்; இரவு உணவை மறுக்கிறார்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

உங்களில் இந்தப் பக்கத்துக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள், அல்லது என்மேல் கோபப்பட்டிருப்பீர்கள். தன்யகுமார் நயினார் வீட்டுப் பிள்ளை, அதாவது தமிழ்ச் சமணர். நம் மாவட்டத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பங்களில் பலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சிறு பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடும் என்பது காரணம். ஆரணியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். என் வகுப்பில் இரண்டு நயினார் பையன்கள் இருந்தார்கள். ஆனால் கோப்பில் மதம் என்ற கட்டத்தை நிரப்பியது வேறொருவர். உணவு என்ற கட்டத்தை நிரப்பியது நான். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்தை எட்டிப் பார்க்கும் அளவுக்கு எனக்குப் பயிற்சி தரப்படவில்லை.

வாரம் முடிந்து வந்த டாக்டர் நான் எழுதியதைப் படித்து மாத்திரையின் அளவைக் கூட்டினார். அவர்மேல் தப்பில்லை. புதிதாக ஒரு பொய் நம்பிக்கை முளைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அவர் வேறென்ன செய்வார்? இரண்டு வாரத்தில் தன்யகுமாருக்குக் கை விறைத்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. நோய் முற்றுகிறது என்று அதையும் எழுதினேன்.

சமையற்கார அம்மா ஒரு நாள் என்னிடம் வந்து, அந்தப் பிள்ளை ராத்திரியில் சாப்பிடாது, அதனால் பொழுது இருக்கும்போதே ஐந்தரை மணிக்குத் தானே கொஞ்சம் போட்டுவிடுவதாகச் சொன்னாள். நான் அவளை உட்கார வைத்து, வெகுமதியின் வலுவைக் குறைக்கும் செயல்கள் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். பிறகு, சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் சமையலறையிலிருந்து யாருக்கும் எதுவும் போகக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அவள் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அடுத்து நான் செய்ததுதான் என் மூளையில் உதித்த மாணிக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் இருந்ததை இரண்டாக்கினேன். தன்யகுமாருக்கு டீ, டிவி எதிலும் ஆசை இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போனில் பேசுவது. அதுவரை அது இனாம். அதைப் பத்து டோக்கனாக்கி, அந்தப் பத்தில் பாதிக்கு மேல் இரவுச் சாப்பாட்டில் மட்டுமே வர வேண்டும் என்று விதி போட்டேன். முதல் ஞாயிறு அவர் பேசவில்லை. இரண்டாவது ஞாயிறும் பேசவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மணி அடித்ததும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். 'கண் மூடிச் சாப்பிடுகிறார்' என்று எழுதத் தோன்றாதது என் அதிர்ஷ்டம். அதற்கும் ஒரு மாத்திரை ஏறியிருக்கும்.

கோடு செங்குத்தாக மேலே போனது. நிர்வாகி பூரித்துப்போய், தன்யகுமார் சாப்பிடுவதைப் போட்டோ எடுக்க ஆள் வரவழைத்தார். அந்தப் படம்தான் நான் சொன்ன வழவழப்பான தாளில் வந்தது.

படத்தோடு விடாமல், நன்கொடையாளர்கள் நான்கு பேரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்து வந்தார்கள். ஏழரை மணிக்கு மணி அடித்தது. விருந்தினர் சுற்றி நின்று பார்க்கத் தன்யகுமார் சாப்பிட்டார். கைதட்டினார்கள். நிர்வாகி தன் கையாலேயே இரண்டு டோக்கன் கொடுத்தார். இன்றைக்குச் சிறப்பு நாள், இப்போதே அக்காவிடம் பேசலாம் என்று போனைப் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். நான் பக்கத்தில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் ராத்திரில சாப்டறேன்" என்றார் தன்யகுமார். "சாப்டாதான் உன்கிட்ட பேச உடறாங்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நிர்வாகி திரையைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரில. ரொம்ப நாளா."

"சரி. நீ ஒன்னும் நெனச்சிக்காத. நான் வரேன்."

விருந்தினரில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடும்பப் பாசம் எவ்வளவு பெரிய மருந்து என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த 'எத்தினி நாளா' என் காதில் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்து, மனைவி விளக்கைச் சுற்றிய ஈசலை விரட்டிக்கொண்டே சோறு போட்டபோது எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அதற்கு எனக்கு யாரும் மாத்திரை தரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து தன்யகுமார் சாப்பாட்டையே விட்டுவிட்டார். காலை, பகல், இரவு எதுவும் இல்லை. மாத்திரையும் வேண்டாம் என்றார். கொஞ்சம் தண்ணீர் மட்டும். எனக்குக் காரணம் ஓரளவு தெரிந்துவிட்டது. அதை வெளியே சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. சொன்னால் வரைபடம், படம், என் கையெழுத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தேன். நம் தொழிலில் 'பார்க்கலாம்' என்பது கோழைத்தனத்துக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர். அக்கா சனிக்கிழமையே வருவதற்குக் கேட்டிருக்கிறாள். பார்வையாளர் நாள் திங்கட்கிழமை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகம் மாறி வந்தாள். எழுந்து நின்றால் தள்ளாடுகிறார், தண்ணீரையும் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் போனில் சொன்னோம். நோய் தீவிரமாகிவிட்டது, உடனே வேலூர் கொண்டுவாருங்கள், ஊசி போட வேண்டும், தேவைப்பட்டால் மூக்கு வழியாகக் குழாயில் உணவு செலுத்தலாம் என்றார். நிர்வாகி அதற்குள் வண்டிக்குச் சொல்லிவிட்டார். அவருடைய கவலை வேறு. இங்கே ஏதாவது ஆகிவிட்டால் இல்லத்தின் பெயர் என்ன ஆவது?

வண்டி வாசலில் நின்றது. அதே நேரத்தில் பத்மாவதி உள்ளே வந்தாள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள், லீவு போட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கோப்பைக் காட்டச் சொன்னாள். நான் எழுதிய இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தாள்.

"என் தம்பிக்கு சீக்கு இருக்குது சார், இல்லன்னு சொல்லல. ஃபேன் பேசுதுன்னு சொல்றது சீக்கு. ராத்திரி சாப்டாதது எங்க ஊட்டுப் பழக்கம். ரெண்டயும் ஒன்னுகீழ ஒன்னா எழுதி வெச்சிகினு இருக்கீங்களே."

சமையற்கார அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "நீங்களும் ஆரணிதான சார்" என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஒரு பக்கம் டாக்டர் உத்தரவு. இன்னொரு பக்கம் இது இருட்டில் சாப்பிட்ட பாவத்துக்கான நோன்பு என்று நினைக்கும் என் மனம். என் மனத்தின் யோக்கியதைதான் இவ்வளவு நேரம் பார்த்தீர்களே. நான் நினைப்பது தப்பாகி, குரல் சொல்லித்தான் அவர் பட்டினி கிடக்கிறார் என்றால், ஒரு மனிதரைச் சாகவிட்டவன் ஆவேன். சரியாக இருந்து அவரை வண்டியில் ஏற்றினால், கைகாலைக் கட்டிக் குழாய் போட்டு, இருட்டில் என்ன ஏது என்று தெரியாததை எல்லாம் வயிற்றுக்குள் ஊற்றுவார்கள். அதற்குப்பின் அவர் ஜென்மத்துக்கும் யாரையும் நம்ப மாட்டார். நான்கு மாதமாக நான் கேட்காத கேள்வியை அப்போதுதான் போய்க் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏன் சாப்பிடலை தன்யகுமார்? ஃபேன் ஏதாவது சொல்லுதா?" என்றேன்.

"ஃபேன் சாப்டச் சொல்லிகினுதான் இருக்குது சார்" என்றார். "நான்தான் மாட்டேன்னு இருக்கேன்."

நோயும் நானும் ஒரே கட்சியில் இருந்திருக்கிறோம். எதிர்க்கட்சியில் அந்த மனிதர் தன்னந்தனியாக நின்றிருக்கிறார்.

டாக்டருக்கு மறுபடி போன் செய்து, நான் எழுதியது தப்பு, அது பொய் நம்பிக்கை இல்லை, அவருடைய மதம் என்றேன். நிச்சயமா என்று கேட்டார். இதில் மட்டும் நிச்சயம், மற்றதில் பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். பகல் பன்னிரண்டு வரை நேரம் தந்தார். அதற்குள் தண்ணீர் குடிக்க வேண்டும், நர்ஸ் அரை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும், அழுத்தம் இன்னும் இறங்கினால் யாரையும் கேட்காமல் ஏற்றிவிட வேண்டும். வண்டியை நான் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவு தைரியசாலி நான் இல்லை. நிழலில் நிறுத்தி வைத்தேன். நிர்வாகியிடம், ஏதாவது ஆனால் என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் அதை எழுதியே வாங்கிக்கொண்டார்.

சமையற்கார அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்தாள். தன்யகுமார் வாங்கவில்லை. அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். எத்தனை இரவு சாப்பிட்டாரோ அத்தனை நாள் பட்டினி இருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அத்தனை நாள் உடம்பு தாங்காது.

"நீயா செய்யல. செய்ய வெச்சாங்க. அந்தப் பாவம் உனுக்கு இல்லடா."

"அப்ப யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அறையில் நர்ஸ், சமையற்கார அம்மா, வாசலில் நிர்வாகி. இப்படி ஒரு கேள்விக்குப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

"எனக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேனா, நிஜமாகவே எடுத்துக்கொள்கிறேனா என்று சோதித்தார் என்று நினைக்கிறேன். பிறகு டம்ளருக்குக் கை நீட்டினார். "நாளிக்குப் பொழுது கெளம்புனதும் சாப்டறேன்" என்றார். பதினொன்றரைக்கு டிரைவர் வண்டியைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் சூரியன் வந்ததும் தன்யகுமார் கஞ்சி குடித்தார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். அந்த வாரமே டாக்டர் பழைய அளவுக்குக் குறைத்தார். மாதம் திரும்புவதற்குள் கை இளகி, நூல் அறுவது நின்றது.

ஐந்தரை மணிச் சாப்பாட்டுக்கு விதி மாற்றினோம். உடனே வேறு நான்கு பேர் தாங்களும் நயினார்தான் என்று வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பெயர் மைக்கேல். அவர்களுக்கும் போடச் சொன்னேன். போனை எல்லோருக்கும் இனாமாக்கினோம். கோடு விழுந்தது. நிர்வாகி என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வழவழப்பான தாளை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. நன்றாக வந்த படமாயிற்றே.

டோக்கனைக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழ முடியாத மனத்துக்கு ஒரு சின்னத் தூண்டுதல் வேண்டும், அது வேலை செய்கிறது. வேலை செய்கிறது என்பதுதான் ஆபத்து. எதற்கும் அது வேலை செய்யும். சோறு, உறவு, சாமி, இவை ஒருவருக்கு ஏற்கெனவே சொந்தம். அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, விலைச்சீட்டு ஒட்டி, திரும்ப அவருக்கே விற்றுவிட்டுச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். ஒருவர் சொல்வது விளங்கவில்லை என்றால், எழுதும் முன் ஒரு தரம் ஏன் என்று கேளுங்கள். அதற்குப் பயிற்சியும் ஓட்டலும் தேவையில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தன்யகுமார் வீட்டுக்குத் திரும்பி, அக்கா வீட்டை ஒட்டிய கொட்டகையில் மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பத்மாவதி போன் செய்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் புது டாக்டர், பழைய கோப்பைப் படித்துவிட்டு, இன்னும் சோற்றில் உயிர் இருப்பதாகச் சொல்கிறாரா என்று கேட்டு, மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிக்கிறாராம். என் திருத்தம் எங்கேயோ பின்னால் ஒரு பக்கத்தில் கிடந்தது. முதல் பக்கத்தை மட்டும் யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் போனேன். அக்காவும் தம்பியும் அங்கேயே காத்திருந்தார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர், பொறுமையாகக் கேட்டார். இதை அழிக்க முடியுமா என்றேன். அழிக்க வழியில்லை, கீழே சேர்க்கத்தான் முடியும் என்றார். பிறகு, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்தார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊர் போய்ச் சேர இருட்டிவிடும் என்று பத்மாவதி வராந்தா பெஞ்சிலேயே டிபன் டப்பாவைத் திறந்தாள். தன்யகுமார் மூடியில் இரண்டு இட்லி வைத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பசியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொழுது இருக்குது சார், சாப்டுங்க" என்றார்.

சாப்பிட்டேன்.